ஒரு டைம்பீஸ், பன்னிரண்டு நாட்கள்: திரை அச்சும் கொலாஜும் சேரும் பாப் ஆர்ட் படம் செய்வது எப்படி?

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். மஞ்சள் பின்னணியில், தலையில் இரண்டு மணிகள் வைத்த சிவப்பு டைம்பீஸ். முட்கள் பத்து மணி பத்து நிமிடத்தில் நிற்கின்றன. அதன் முகப்பு மட்டும் மையால் அச்சிட்டது அல்ல. தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு சனிக்கிழமைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதில் சிறிய எழுத்தில் ‘ராகு காலம் 9.00 – 10.30’ என்று இருக்கிறது. இந்தக் கடிகாரம் எந்நேரமும் ராகு காலத்திலேயே நிற்கிறது. இதே படத்தின் இன்னொரு பிரதி நண்பர் வீட்டில் இருக்கிறது. அதில் இருப்பது வெள்ளிக்கிழமைத் தாள். அங்கே ராகு காலம் தொடங்க இன்னும் 20 நிமிடம் பாக்கி.

அச்சு ஒன்றுதான், மையும் ஒன்றுதான். ஒட்டிய தாள் மாறியதும் கடிகாரம் சொல்லும் சேதி மாறிவிடுகிறது. வலைத்துணித் திரையின் ஊடாக மையை இழுத்து அச்சிடும் திரை அச்சையும், காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டும் கொலாஜையும் ஒரே தாளில் சேர்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மையால் கொண்டுவர முடிகிற ஒன்றைக் காகிதம் ஒட்டிக் கொண்டுவர வேண்டியதில்லை. மையால் முடியாததை, அதாவது உண்மையிலேயே ஒரு நாளில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து கிழிபட்ட தாளை, ஒட்டித்தான் கொண்டுவர முடியும். இந்த வழிகாட்டியில் அந்த டைம்பீஸ் படத்தையே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்ப்போம். மூன்று வண்ணம், 12 பிரதிகள், மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு நாள்காட்டித் தாள்கள்.

முதல் முடிவு: எப்போது ஒட்டுவது?

வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். விளம்பரம், இதழ், அன்றாடப் பொருள் போன்றவற்றையே கருவாக்கும் பாப் ஆர்ட்டின் வரலாற்றிலேயே இதற்கு மூன்று பதில்கள் கிடைக்கின்றன.

ஒன்று, முதலில் ஒட்டி, ஒட்டியதையே அச்சுக்கு மூலமாக்குவது. பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1956இல் அமெரிக்க இதழ்களின் விளம்பரங்களை வெட்டி, நவீன வீட்டின் வரவேற்பறையைக் காட்டும் ஒரு கொலாஜ் செய்தார். பாப் ஆர்ட் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் படம் இருக்கும். அதன் அளவு வெறும் 26 × 24.8 செ.மீ. லண்டன் ஒயிட்சேப்பல் கேலரியில் நடந்த ‘திஸ் இஸ் டுமாரோ’ கண்காட்சியின் கையேட்டிலும் சுவரொட்டியிலும் கறுப்பு வெள்ளையில் அச்சாவதற்காகவே அதைச் செய்தார். அச்சிலிருந்து வெட்டியது அச்சுக்கே திரும்பிப் போனது. சிற்பி எடுவார்டோ பவ்லோட்ஸி 1965இல் தத்துவவாதி விட்கென்ஸ்டைனை வைத்து ‘ஆஸ் இஸ் வென்’ என்ற திரை அச்சு வரிசையை வெளியிட்டபோதும் கொலாஜ்களே மூலங்களாக இருந்தன. அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தவர் லண்டனில் கெல்ப்ரா ஸ்டூடியோவை நடத்திய கிறிஸ் பிரேட்டர். ஸ்டென்சிலை, அதாவது மை இறங்கும் இடத்தை மட்டும் திறந்துவிடும் மறைப்பை, கத்தியால் வெட்டுவதில் அவர் கை அபாரமானது. அந்தக் கால பிரிட்டிஷ் திரை அச்சுகளின் கூர்மையான விளிம்புகளில் பாதிப் புகழ் அவருக்குப் போக வேண்டும் என்பேன். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1975இல் பாடகர் மிக் ஜாகரின் உருவப்படங்களைச் செய்தபோது கிழித்த வண்ணக் காகிதங்களைப் புகைப்படத்தோடு சேர்த்துப் பிறகு அச்சிட்டார். அவற்றில் கிழிசல் விளிம்புகூட மையால் ஆனதுதான்.

இரண்டு, எல்லாம் அச்சிட்டு முடித்தபின் மேலே ஒட்டுவது. 1967இல் கொல்லப்பட்ட புரட்சியாளர் சே குவேராவை வைத்து பிரிட்டிஷ் கலைஞர் ஜோ டில்சன் 1969இல் செய்த ‘இஸ் திஸ் சே குவேரா?’ திரை அச்சின் மேல் காகிதங்களை ஒட்டிய படைப்பு. அதைப் பார்க்கும்போது யாரோ ஒருவருடைய விசாரணைக் கோப்பைத் திறந்ததுபோல் இருக்கும்.

மூன்று, நடுவில் ஒட்டுவது. அடி வண்ணங்களை அச்சிட்டு, காகிதத்தை ஒட்டி, அதன் மேல் கடைசிக் கறுப்பை ஓட்டுவது. நாம் செய்யப்போவது இதைத்தான். கறுப்பு மை பழைய தாளின் மேலும் புதுத் தாளின் மேலும் ஒரே வீச்சில் விழுந்து இரண்டையும் தைத்துவிடும். மூன்றிலும் கடினமானது இதுதான். பசையின் ஈரத்தால் தாள் விரியும், விரிந்தால் கறுப்பு இடம் தவறும். அதற்கான மருந்தைக் கீழே சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்?

மரம் அல்லது அலுமினிய ஃபிரேம், உள்ளளவு சுமார் 40 × 50 செ.மீ. அதில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் மெஷ், அதாவது வலைத்துணி. நம் கறுப்புப் படத்தில் ஹாஃப்டோன் புள்ளிகள் (நிழலைக் காட்டும் சிறிதும் பெரிதுமான புள்ளிகள்) இருப்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு 90 இழை உள்ள மெஷ் வாங்குங்கள். துணிக்கு அச்சிடப் பயன்படும் 43 இழை மெஷ்ஷில் நம்முடைய புள்ளிகள் நிற்காது. கல்யாணப் பத்திரிகைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் கடைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டால் ஃபிரேம் கட்டித் தருபவரைச் சொல்வார்கள்.

மையை இழுக்கும் பட்டையான ஸ்குவீஜியின் ரப்பர் நடுத்தரக் கடினத்தில், 70 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கட்டும். அகலம், படத்தைவிட இரு பக்கமும் 2 செ.மீ. கூடுதல். திரையில் பூசும், வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் எமல்ஷன் வாங்கும்போது டயஸோ அல்லது ஃபோட்டோபாலிமர் வகையைக் கேளுங்கள். பைக்குரோமேட் கலந்து பயன்படுத்தும் பழைய வகை விலை குறைவு என்று கொடுப்பார்கள். வேண்டாம். பைக்குரோமேட்டில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தோலில் படக்கூடாது, கழிவுநீரிலும் போகக்கூடாது.

மைக்குத் தரமான அக்ரிலிக் வண்ணமும், அதே அளவு திரை அச்சு மீடியமும். மீடியம் இல்லாமல் அக்ரிலிக்கைத் தனியாக ஊற்றினால் நான்காவது தாளிலேயே மெஷ் அடைத்துக்கொள்ளும். கலந்த மை கடைந்த தயிர் பதத்தில் இருக்க வேண்டும்.

தாள் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். எடை, அமிலம் இல்லாத பருத்திக் காகிதம், 30 × 40 செ.மீ. புதுச்சேரியில் கிடைக்கும் கையால் செய்த காகிதங்கள் பார்க்கும்போதே ஆசையைத் தூண்டும். மேற்பரப்பு வழுவழுப்பானதை மட்டும் தேர்ந்தெடுங்கள். சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் ஹாஃப்டோன் புள்ளி இறங்காது. 12 பிரதிக்கு 18 தாள் வெட்டுங்கள். இரண்டு உங்களுக்கு, நான்கு சோதனைக்கு. வெட்டிய தாள்களை அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் விரித்து வையுங்கள். அறையின் ஈரப்பதத்துக்குத் தாள் பழகட்டும்.

நாள்காட்டித் தாளைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நிதானமாக இருங்கள். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எல்லாத் தினசரி நாள்காட்டித் தாளும் ஒன்றுபோல் இருக்காது. பெரிய தேதி, தமிழ் மாதம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், ஒவ்வொரு ராசிக்கும் ஒரு சொல்லில் பலன். இத்தனையும் ஒரு கையகலத் தாளில். வட்டத்துக்குள் எது வர வேண்டும், எது வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டில் மூடி, டம்ளர், கிண்ணம் என்று வெவ்வேறு வட்டங்களைத் தாளின் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பது நல்ல வழி. என் தாளில் 8 செ.மீ. வட்டம் வெட்ட முடிந்தது. ஆகவே டைம்பீஸின் முகப்பையும் அதற்கேற்ப அமைத்தேன். படத்தை வரைந்துவிட்டுத் தாளைத் தேடுவதைவிட, தாளை அளந்துவிட்டுப் படத்தை அமைப்பது நல்லது.

முட்கள் ஏன் 10.10? கடிகார விளம்பரங்களில் முட்கள் வழக்கமாக அப்படித்தான் நிற்கும். இரண்டும் மேல்நோக்கி விரிந்து, நடுவில் நிறுவனத்தின் பெயருக்கு இடம் விடும். பாப் ஆர்ட் விளம்பரத்தின் மொழியை எடுத்துப் பேசும் கலை என்பதால் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். பெயர் வரும் இடத்தில் தமிழ் மாதத்தின் பெயரும், முட்களின் அச்சாணிக்குக் கீழே பெரிய தேதியும் வருமாறு தாளை வைக்கிறேன். விரிந்த முட்களுக்கு நடுவில் ‘ஆடி’ என்றோ ‘தை’ என்றோ இருப்பதைப் பார்க்கும்போது ஒரு நிறைவு வருகிறது.

பன்னிரண்டு தாள்களையும் ஒரே நாளில் ஒரே நாள்காட்டியிலிருந்து பிய்த்தும் செய்யலாம். நான் பரிந்துரைப்பது காத்திருந்து சேர்ப்பதை. பிறந்த நாள், வீடு மாறிய நாள், மழையில் பஸ் வராமல் நின்ற நாள். மேல் விளிம்பில் கம்பியிலிருந்து கிழிபட்ட அடையாளம் இருக்குமே, அதையும் முடிந்தால் வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஈரப் பஞ்சால் தாளின் ஓரத்திலிருக்கும் சிவப்பு எழுத்தைத் தொட்டு, அரை நிமிடம் கழித்து அழுத்தி எடுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் பசையின் ஈரத்திலும் அது கசியும். அப்படிப்பட்ட தாளின் முன்பக்கத்தில் மெல்லிய அக்ரிலிக் மீடியம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவையுங்கள். ஞாயிறு, விடுமுறைத் தாள்களில் சிவப்பு அதிகம் இருப்பதால் அவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இந்தத் தாள் மஞ்சளாகாதா என்ற கேள்வி வரும். ஆகும். மலிவான காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் பழுப்பேறும். தாளை ஸ்கேன் செய்து அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து ஒட்டினால் நூறாண்டுகூட நிற்கலாம். ஆனால் அது அந்த நாளில் கிழித்த தாளாக இருக்காது. நான் அசல் தாளையே ஒட்டுகிறேன். பிரதியை வாங்குபவரிடம், நேர் வெயில் படாத சுவரில் மாட்டும்படி சொல்லித் தருகிறேன்.

படத்தைத் தயாரிப்பது

டைம்பீஸை நேர் எதிரே வைத்து, ஒரு பக்க வெளிச்சத்தில் நீங்களே புகைப்படம் எடுங்கள். அடுத்தவர் எடுத்த படத்தையோ நிறுவனத்தின் சின்னத்தையோ எடுத்தாள்வதில் உரிமைச் சிக்கல் உண்டு. வார்ஹோல் 1962இல் மர்லின் மன்றோவின் விளம்பரப் படத்தை எடுத்துப் பயன்படுத்திய காலம் வேறு. பிரதிகளை விற்கப்போகும் நமக்குச் சொந்தப் படமே பாதுகாப்பு.

கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னணியை முழுவதும் நீக்கி, மாறுபாட்டை நன்றாக ஏற்றுங்கள். முகப்புக்குள் எண்களும் முட்களும் தவிர எல்லாவற்றையும் வெள்ளையாக்குவது மிக முக்கியம். அங்கே சாம்பல் நிழல் மிச்சமிருந்தால் அது புள்ளிகளாக மாறி, நாள்காட்டியின் சிறு எழுத்துகளை விழுங்கிவிடும். முகப்பைச் சுற்றி 4 மி.மீ. தடிப்பில் ஒரு கறுப்பு வளையம் வையுங்கள். ஒட்டிய தாளின் விளிம்பு இந்த வளையத்துக்கு அடியில் மறையும்.

பிறகு படத்தை ஹாஃப்டோனாக மாற்றுங்கள். அங்குலத்துக்கு 40 வரிசை, கோணம் 22.5 பாகை. கோணத்தைச் சற்றுத் திருப்புவது மெஷ்ஷின் இழைகளோடு புள்ளிகள் மோதி அலைகள் போன்ற கோடுகள் உண்டாவதைக் குறைப்பதற்காக. 40 வரிசை என்றால் சென்டிமீட்டருக்குச் சுமார் 16. அதன் ஐந்து மடங்கு 80. நம்மிடம் இருப்பது 90 இழை மெஷ். ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருந்தால் புள்ளிகள் முழுதாக நிற்கும்.

இதை லேசர் அச்சில் ஏ3 ஃபிலிமாகவோ ட்ரேஸிங் பேப்பரிலோ எடுங்கள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறுப்பின் ஊடாக வெளிச்சம் கசிந்தால் இரண்டு படிகளைச் சரியாக ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டுங்கள்.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஃபிலிம் வேண்டாம். பிரேட்டரை நினைத்துக்கொண்டு கத்தியை எடுங்கள். பட்டர் பேப்பரில் டைம்பீஸின் உருவ வரியை நகலெடுத்து வெட்டினால் போதும். 18 தாள் அச்சிடும்வரை காகித ஸ்டென்சில் தாங்கும். மஞ்சளுக்குப் பின்னணிச் செவ்வகம் முழுவதும் திறப்பு. சிவப்புக்கு டைம்பீஸின் உடல் மட்டும். சிவப்பை மஞ்சளின் மேலேயே அச்சிடுவதால் இடையில் வெள்ளைக் கோடு விழும் பயம் இல்லை. அடியில் மஞ்சள் இருக்கும்போது சிவப்புக்கும் ஒரு சூடு வருகிறது.

இரண்டு ஸ்டென்சிலிலும் முகப்பு வட்டம் மட்டும் மூடியிருக்க வேண்டும். நாள்காட்டித் தாள் மெல்லியது, அடியில் மஞ்சள் இருந்தால் மேலே தெரியும். இந்த மூடும் வட்டம் நாள்காட்டி வட்டத்தைவிட 6 மி.மீ. விட்டம் குறைவாக, அதாவது 7.4 செ.மீ. இருக்கட்டும். சுற்றிலும் 3 மி.மீ. மேலேறி ஒட்டினால் இடைவெளி விழாது. வட்டம் ஸ்டென்சிலிலிருந்து தனித்து நிற்கும் தீவு ஆயிற்றே, எப்படி நிற்கும் என்று கேட்கலாம். அச்சிடும் தாளின் மேல் அதன் இடத்தில் வைத்துத் திரையை இறக்கி முதல் முறை மையை இழுங்கள். மையின் பிசுக்கிலேயே அது மெஷ்ஷில் ஒட்டிக்கொண்டு மேலே எழும். முதன்முறை அதைப் பார்க்கும்போது வித்தைபோல இருக்கும்.

திரையில் படம் ஏற்றுவது

இது கறுப்புக்கான திரை; காகித ஸ்டென்சிலால் அச்சிடும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் படம் ஏற்றாத வெறும் திரை போதும். மெஷ்ஷைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசை போக்கிக் காயவையுங்கள். மஞ்சள் பல்பு மட்டும் எரியும் அறையில், அச்சுப் பக்கம் (தாளைத் தொடும் பக்கம்) ஒரு பூச்சு, ஸ்குவீஜி பக்கம் ஒரு பூச்சு எமல்ஷன். அச்சுப் பக்கம் கீழே இருக்குமாறு கிடையாக வைத்து இருட்டில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால், கழுவும்போது எல்லாம் கையோடு வந்துவிடும்.

வெளிச்சம் காட்டும் நேரம் விளக்கையும் எமல்ஷனையும் பொறுத்தது. இவ்வளவு நிமிடம் என்று யார் சொன்னாலும் நம்பாமல் படிப்படியான சோதனை செய்யுங்கள். ஃபிலிமின் ஒரு பட்டையைத் திரையின் மேல் வைத்து, கறுப்பு அட்டையைக் குறிப்பிட்ட இடைவெளியில் நகர்த்தி ஆறு நேரங்களைப் பதியுங்கள். கழுவியபின் எந்தப் பட்டையில் மிகச் சிறிய புள்ளியும் திறந்திருக்கிறதோ, எமல்ஷனும் வழவழப்பாகக் கரையாமல் கெட்டியாக நிற்கிறதோ, அதுவே உங்கள் நேரம்.

உண்மையான திரையில் ஃபிலிமை எமல்ஷனோடு ஒட்டி, மேலே கனமான கண்ணாடி வைத்து அழுத்துங்கள். இடையில் காற்று இருந்தால் வெளிச்சம் அடியில் நுழைந்து புள்ளிகளைத் தின்றுவிடும். பிறகு சாதாரணத் தண்ணீரை மென்மையாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். காய்ந்ததும் ஊசித்துளைகளை எமல்ஷனால் அடைத்து, ஃபிரேமின் உள் ஓரங்களைப் பிரவுன் டேப்பால் மூடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

மேசையில் ஹின்ஜ் கிளாம்ப் (திரையைக் கதவுபோல் தூக்கி இறக்க உதவும் கீல் பிடிப்பான்) பொருத்தித் திரையை மாட்டுங்கள். திரைக்கும் தாளுக்கும் இடையில் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். தாளின் நீண்ட பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று என மூன்று அட்டைத் துண்டுகளை மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளையும் இந்த மூன்றிலும் முட்டும்படி வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் எந்த மூலை முட்டியது என்பதைப் பின்னால் பென்சிலில் குறித்துவிடுங்கள். மூன்று வண்ணத்துக்கும் அதே மூலைதான்.

திரையைச் சற்றே தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் மையைப் படத்தின் மேல் பரப்புங்கள். திரையை இறக்கி, ஸ்குவீஜியைச் சுமார் 60 பாகை சாய்த்து, ஒரே அழுத்தத்தில் ஒரே இழுப்பு. உடனே மறுபடி மையைப் பரப்பி, அடுத்த தாளை வையுங்கள். மெஷ் ஒரு நிமிடம்கூட மை இல்லாமல் வெறுமனே நிற்கக் கூடாது. கோடை மதியத்தில் இந்த வேலையே வேண்டாம். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

ஒட்டுதல்

முதன்முதலில் இந்த மாதிரிப் படம் செய்தபோது வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் 14 தாளில் ஒன்பது, வெயிலில் காயும் அப்பளம்போல் வளைந்திருந்தன. தட்டையாக்க எதை வைத்து அழுத்தியும் பயனில்லை. கறுப்பு அச்சிடும்போது திரைக்கடியில் அவை நிற்கவே இல்லை. அன்று இழந்த நாள்காட்டித் தாள்களை மறுபடி எங்கே போய்த் தேடுவது? அதன்பின் மைதாப் பசைக்கு மாறினேன்.

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கண்ணாடி மினுமினுப்பு வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். நாம் சேர்க்கக் கூடாது. அது நஞ்சு, காகிதத்தில் பச்சை நீலச் சாயலும் விடும். இரண்டு நாளுக்கு மேல் பசையை வைத்திருக்காதீர்கள். கோதுமை மாச்சத்து தனியாகக் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பழைய ஆவணங்களைச் செப்பனிடுபவர்கள் பயன்படுத்துவது அதைத்தான்.

வட்டம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு வழி. கறுப்புத் திரையை மாட்டி, மேசையில் ஒரு பக்கம் மட்டும் டேப்பால் ஒட்டிய தெளிவான பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரு முறை அச்சிடுங்கள். அதன் அடியில் மஞ்சளும் சிவப்பும் காய்ந்த ஒரு பிரதியை நகர்த்தி, கறுப்பு உருவம் சிவப்பின் மேல் கச்சிதமாகப் பொருந்தும் இடத்தில் மூன்று அட்டைத் துண்டுகளை ஒட்டுங்கள். இனி ஒவ்வொரு தாளையும் அந்த இடத்தில் வைத்து, பிளாஸ்டிக்கை மேலே இறக்கினால், கறுப்பு வளையம் எங்கே விழப்போகிறது, முட்கள் எந்த எழுத்தை மறைக்கப்போகின்றன என்று முன்கூட்டியே தெரியும். வேலை முடியும்வரை கிளாம்ப்பையும் அட்டைத் துண்டுகளையும் அசைக்காதீர்கள். திரையை மட்டும் உடனே கழுவிவிடுங்கள்.

நாள்காட்டி வட்டத்தை வேண்டாத தாளின் மேல் குப்புற வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லிய பூச்சு கொடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஈரம் ஏறியதும் காகிதம் விரியும். விரிந்து முடித்தபின் ஒட்டினால் சுருக்கம் விழாது. இடுக்கியால் எடுத்து வைத்து, பிளாஸ்டிக்கை இறக்கிச் சரிபார்த்து, பிறகு பட்டர் பேப்பரை மேலே வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து தேயுங்கள்.

இழை ஓட்டத்தையும் கவனிக்க வேண்டும். இயந்திரத்தில் செய்த எந்தக் காகிதமும் ஈரத்தில் ஒரு திசையில் அதிகம் விரியும், மறு திசையில் குறைவாக. நாள்காட்டித் தாளின் ஒரு துண்டை நனைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று தெரிந்துவிடும். சுருளும் குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுவே இழையின் திசை. அடித்தாளுக்கும் இழை ஓட்டம் இருந்தால், இரண்டும் ஒரே திசையில் ஓடும்படி ஆரம்பத்திலேயே அடித்தாளை வெட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கவனம் பாதி வளைவைத் தடுத்துவிடும்.

ஒட்டிய பிரதிகளைப் பட்டர் பேப்பர், உறிஞ்சுதாள், பிளைவுட் என்று அடுக்கி மேலே கனம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுதாளை மாற்றி, பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

தீப்பெட்டி அட்டை, பஸ் டிக்கெட், இதழ்ப் பக்கம் என்று வேறு காகிதங்களையும் ஒட்ட ஆசை வரும். தடிப்பைப் பாருங்கள். 80 ஜி.எஸ்.எம். வரை பிரச்சினையில்லை. அதற்குமேல் போனால் படிபோல் ஓர் ஏற்றம் வந்து, அதன் அடிவாரத்தில் மை விழாமல் வெள்ளைக் கோடு விடும். தீப்பெட்டி அட்டையைக் கறுப்புக்குப் பிறகு கடைசியில் ஒட்டுங்கள். வழவழப்பான இதழ்த் தாளைக் கிழித்தால் ஒரு விளிம்பில் உள்ளிருக்கும் வெள்ளை நார் தெரியும். கிழித்த இரண்டு துண்டில் ஒன்றில் வெள்ளை தெரியும், மற்றதில் பெரும்பாலும் தெரியாது. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கிழியுங்கள்.

கறுப்பு

மறுநாள் காலை, முதலில் சோதனைத் தாள்களில் இரண்டை அச்சிட்டுப் பாருங்கள். ஒட்டிய தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் வளையம் மூடிவிடும். அதற்குமேல் விலகினால் அட்டைத் துண்டுகளைச் சரிசெய்யுங்கள்.

பிறகு ஒரே இழுப்பு. கறுப்பு போதவில்லை என்று இரண்டாவது முறை இழுக்காதீர்கள். புள்ளிகள் பருத்து நிழல்கள் அடைத்துக்கொள்ளும். திரையைத் தூக்கும் கணம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது. அதுவரை சிவப்புக் கறையாக இருந்தது டைம்பீஸாகிவிடும். அருகே குனிந்து பாருங்கள். அக்ரிலிக் சிவப்பின் மேல் கறுப்பு மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும். நாள்காட்டித் தாள் மையைக் குடித்துவிடுவதால், அங்கே அதே கறுப்பு கரிபோல் மங்கலாக இருக்கும். நிமிட முள்ளின் அடியில் ‘சந்திராஷ்டமம்’ என்ற சொல் பாதி மறைந்து பாதி தெரியும். ஒரே மை இரு குரலில் பேசும் இந்த இடம் புகைப்படத்தில் சரியாகத் தெரியாது. நேரில் பார்க்க வேண்டும்.

ஐந்தாறு பிரதிக்கு ஒரு முறை மெஷ்ஷின் அடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, வேண்டாத தாளில் ஒரு இழுப்பு இழுத்துப் புள்ளிகளைத் திறந்துகொள்ளுங்கள்.

கையெழுத்தும் திரையும்

காய்ந்தபின் பென்சிலால் கீழ் விளிம்பில் இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையெழுத்து. 3/12 என்றால் பன்னிரண்டில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் தாள் வேறு என்பதால் ‘மாறுபடும் பதிப்பு’ என்றும் எழுதிவிடுங்கள். வாங்குபவர் அதைத் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் சுற்றிலும் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

மிஞ்சுவது திரை. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1964இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு வென்ற கையோடு, நியூயார்க் ஸ்டூடியோவில் இருந்த தன் திரைகளை அழித்துவிடும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டார். செய்ததையே திரும்பச் செய்யும் ஆசை தனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. நாம் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டோம், ஆகவே பதின்மூன்றாவதுக்கு வழியிருக்கக் கூடாது. எமல்ஷன் நீக்கும் திரவத்தை இரு பக்கமும் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டு, கையுறை போட்டுக்கொண்டு வேகமான தண்ணீரில் கழுவுங்கள். எண்களும் முட்களும் கரைந்து போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டைம்பீஸின் மங்கலான சாயல் மட்டும் மெஷ்ஷில் தெரியும். அது அடுத்த படத்துக்குத் தடையில்லை, திரையை நிழலில் காயவையுங்கள்.